பத்தடிக் கூரை

ரங்கூனில் கெமண்டைன் சந்தையில் மீன் விற்ற ஒரு பர்மாக்காரி என்னைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிக் கத்தினாள். நான் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, வேண்டாம் என்று அவள் கூடைக்குள்ளேயே திரும்பப் போட்டிருந்தேன். அவள் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரிகள் மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு அப்போது பர்மீயத்தில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் வசவு என்பது எந்தப் பாஷையில் சொன்னாலும் வசவாகத்தான் காதில் விழும். அந்த வழியாக வந்துகொண்டிருந்த துபாஷி அண்ணனைக் கூப்பிட்டு, "என்னண்ணே சொல்றா இவ?" என்று கேட்டேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "அதாவது, என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பித்து ஒரு கணம் நிறுத்தினார். "மீனைப் பார்த்து வாங்கத் தெரிஞ்சவங்க இப்பத்தான் என் கடைக்கு வந்திருக்காங்கன்னு சொல்றா தங்கச்சி."

பிறகு அவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அவள் முகம் மாறிவிட்டது. ஒரு கைப்பிடி பொடிமீனை இலையில் வைத்து எனக்கு இனாமாக நீட்டினாள். நான் சொல்லாத எந்த நல்ல வார்த்தையை என் பேரில் அவளிடம் சொன்னாரோ, இன்று வரை தெரியாது. அன்றைக்குக் குழம்பு நன்றாக இருந்தது.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தத் துண்டும் அந்த "அதாவது"வும்தான் முதலில் வருகின்றன. பெயரை எழுத மனம் வரவில்லை. ரங்கூனில் இருந்த எங்கள் ஆட்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள், அவரால் நன்மை பெற்றவர்கள்தான் அதில் அதிகம். நானும் அதில் ஒருத்தி. அதனால்தான் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது இது. லான்மடாவ் ஆற்றங்கரையில் ஒரு மரக்கிட்டங்கியில் அவருக்குத் துபாஷி வேலை. மரம் கொண்டுவருகிறவர்கள் பர்மாக்காரர்கள், தூக்கி அடுக்குகிறவர்கள் நம் ஆட்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இவர். ஐந்து வயதில் கப்பலேறி வந்தவர் என்பதால் பர்மீயம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாற்பது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு. வேட்டிக்கு மேல் ஒரு பழைய அல்பாகா கோட்டு, வெயிலோ மழையோ அது இல்லாமல் வெளியில் வரமாட்டார். பேசும்போது இரண்டு பேருக்கும் சரிநடுவில் நிற்பார். ஒருவருக்குக் கொஞ்சம் கிட்டத்தில் நின்றுவிட்டோமோ என்று தோன்றினால் அரை அடி நகர்ந்துகொள்வார். நான் அதை வைத்து அவரைக் கேலி செய்வதுண்டு. "அண்ணே, அளந்துதான் நிக்கிறீங்களா?" என்றால், "அப்படி நின்னாத்தான் தங்கச்சி ரெண்டு பேரும் நம்மாளுன்னு நினைப்பாங்க" என்பார்.

கிட்டங்கியில் ஒரு தடவை நம் ஆள் ஒருவனும் பர்மாக்காரன் ஒருவனும் ஒரு தேக்குக் கட்டைக்காக முட்டிக்கொண்டு நின்றார்களாம். பர்மாக்காரன் கையில் தா என்று சொல்லும் அந்த நீளக் கத்தி. இவர் நடுவில் போய் நின்று, அவன் சொன்னதை இவனுக்கும் இவன் சொன்னதை அவனுக்கும் அரைமணி நேரம் மாற்றி மாற்றிச் சொன்னாராம். முடிவில் இரண்டு பேரும் ஒரே வெற்றிலைப் பெட்டியிலிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் அதை நேரில் பார்த்தவர். "அவன் அம்மாவை இழுத்துப் பேசினது எனக்கே தெரிஞ்சுச்சு. இவர் தமிழ்ல சொன்னப்ப அதுல அம்மாவே இல்ல!" என்று வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரிக்க முடியாத கதை ஒன்றும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஆட்களுக்கு ஊர்க் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் அவர்தான். எங்களோடு லான்மடாவ் மாடியில் தங்கியிருந்த ஒரு மூட்டை தூக்குகிறவருக்கு, அம்மா இறந்துபோன செய்தியோடு ஒரு கடிதம் வந்தது. இவர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்குக் கொஞ்சம் ஜுரமாம்" என்று படித்தார். அடுத்த வாரம், வராத ஒரு கடிதத்தை வந்ததாகச் சொல்லி, "ஜுரம் விடலையாம்" என்று படித்தார். அதற்கடுத்த வாரம் அம்மா எழுந்திருக்கவில்லை. இப்படி மூன்று வாரம் அந்த அம்மாளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகவிட்டு, நான்காம் வாரம் உண்மையைச் சொன்னார். அதற்குள் அந்த மனிதர் தைலமும் ஒரு கம்பளியும் வாங்கி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டார். பதினாறாம் நாள் காரியமும் எப்போதோ கடந்து போயிருந்தது.

விஷயம் தெரிந்ததும் அந்த மனிதர் இவரை அடிக்கப் போகிறார் என்று நினைத்து நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். அவர் இவர் தோளிலேயே விழுந்து அழுதார். "ஒரேயடியா கேட்டிருந்தா நான் தாங்கியிருக்கமாட்டேன்ணே" என்றார். இவர் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே எங்களைப் பார்த்தார். தான் செய்தது சரி என்ற நிம்மதி அந்தப் பார்வையில் இருந்தது. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

லான்மடாவில் எங்கள் குடித்தனம் ஒரு மாடி அறையில். பதினோரு ஆண்கள் படுக்கும் அறையில் ஒரு மூலையைச் சாக்குத் திரையால் மறைத்து எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் திரைக்கு அந்தப் பக்கம். அந்த மூலையில்தான் என் முதல் பிள்ளை பிறந்தான். நான்கு மாதம் இருந்தான். மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, அந்தத் திரைக்குள்ளேயே போய்விட்டான்.

அவன் போன மறுவாரம் என் வீட்டுக்காரர் ஒரு நூலைக் கொண்டுவந்து அந்த மூலையை அளந்தார். ஒன்பது அடி இருந்தது. அவரிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த மனையடி சாஸ்திரப் புத்தகம் ஒன்று உண்டு, பீடி மடிக்கும் இலை மாதிரி மெலிந்து போனது. ஒன்பது அடி ஆயுளைக் குறைக்கும் என்று அதில் போட்டிருந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த எண்ணையே யாரும் உச்சரிப்பதில்லை. எண்ண வேண்டி வந்தால், "எட்டுக்கு மேல ஒண்ணு" என்பார். நானும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டேன். காற்றில்லாத மூலை, ஈரச்சுவர், பதினோரு பேர் இருமல் இதெல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளுக்கு, இதனால்தான் என்று விரல் வைத்துக் காட்ட ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

மறுபடியும் வயிற்றில் உண்டானதும் நான் ஒரே பிடிவாதமாக இருந்தேன். இந்தப் பிள்ளை அந்த மூலையில் பிறக்கக்கூடாது. மழை பிடிப்பதற்குள் நாலு கால் நட்டு ஒரு கூரை போட்டால் போதும், குடிசையானாலும் நனையாத தனிக்குடிசை வேண்டும். ஆனி மாதம் பிரசவம் என்று கணக்கு.

இடம் பிடித்துக் கொடுத்தது அவர்தான். பர்மாக்காரர்கள் க்யிம்யிண்டைங் என்பார்கள், நாங்கள் சொல்வது கெமண்டைன். அங்கே ஆற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்கால் ஓரமாகக் கிட்டங்கி முதலாளிக்குக் கொஞ்சம் சும்மா கிடந்த நிலம் இருந்தது. அதில் ஒரு மூலையில் குடிசை போட்டுக்கொள்ள அவர் கேட்டு வாங்கிக் கொடுத்தார். முதலாளி என்ன சொன்னாரோ, இவர் வந்து, "சந்தோஷமா இருந்துக்கச் சொன்னார் தங்கச்சி" என்றார்.

மூங்கில் கிடைத்தது என் வீட்டுக்காரர் வேலை பார்த்த துறைமுகத்தில். கப்பலின் அடித்தட்டில் சரக்கு மூட்டைகளுக்கு அடியில் பரப்புகிற மூங்கில்கள். சரக்கு இறங்கியதும் கப்பல் மேஸ்திரியான சாரங்கு கொடுத்துவிடுவார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் நாலைந்தாகத் தோளில் சுமந்து வந்து சேர்த்தார். எல்லாம் ஒரே வெட்டு, ஏழரை அடி. நீள மூங்கில் தேடி வாங்க அவருக்கு லீவும் கிடையாது, கையில் காசும் கிடையாது.

கூரைக் கோணம் கணக்குப் பார்க்கத் துபாஷி அண்ணன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோட்டைக் கழற்றி மரத்தில் மாட்டினார். அவரைக் கோட்டில்லாமல் நான் பார்த்தது அன்றுதான். ஒரு காகிதத்தைச் சதுரமாகக் கிழித்து மூலைக்கு மூலை மடித்தார். "கூரைக்கு இந்தச் சாய்வு வேணும். அகலத்துல பாதி எவ்வளவோ அவ்வளவு உசரம்" என்றார். அந்த மடிப்பைச் சுருட்டுப் பெட்டி அட்டையில் வைத்து வெட்டி, அட்டையிலிருந்து ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். மூன்று மூங்கிலைத் தரையில் போட்டு, இரண்டைக் கைமரமாகச் சாய்த்து, ஒன்றை அகலத்துக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தார். ஏழரை அடியில் ஓரடி இறவாரத்துக்குப் போய்விடும், மிச்சம் ஆறரை. அகலத்தைக் கூட்டினால் முகடு தாழ்கிறது, குறைத்தால் ஏறுகிறது. மண்ணில் குச்சியால் எழுதி எழுதி அழித்தார். கணக்கில் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும்.

"எவ்வளவு அகலம் வைக்கலாம்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். கேட்டுவிட்டு அவரே சொன்னார். "பதினொண்ணு வேணும்ணே. பால் குறையாத அளவு அது. பிள்ளைக்காரி இருக்கிற வீடு."

அண்ணன் மண்ணில் எழுதிய கணக்கைப் பார்த்தார். பதினொன்றுக்கு முகடு மூன்றரை அடிதான் வரும், வேண்டியது ஐந்தரை. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது அவர், "பார்ப்போம், ஓலைக்காரர் வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

ஓலைக்காரர் பெயர் ஊ சான். எங்கள் இடத்துக்கு இருநூறு தப்படி தள்ளித் தூண்மேல் நின்ற வீடு அவருடையது. டனி என்று ஒரு ஓலை, ஆற்றோரச் சேற்றில் வளருவது, அதைத்தான் அங்கே கூரைக்குப் போடுவார்கள். ஊ சானுக்கு ஐம்பது வயது, உரத்த குரல், பேசும்போது கை சும்மா இருக்காது. மூங்கிலைத் தூக்கிப் பார்த்தார், கணக்குப் போட்ட மண்ணைப் பார்த்தார், அட்டையை வாங்கித் தலையாட்டினார். பிறகு பதினொன்றுக்கு நட்டிருந்த முளைக்குச்சிகளைப் பிடுங்கி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி உள்ளே தள்ளி நட்டார். நட்டுவிட்டு எங்களைப் பார்த்து நீளமாகப் பேசினார். வானத்தைக் காட்டினார், கையைச் சரித்துக் காட்டினார், என் வயிற்றையும் காட்டினார்.

என் வீட்டுக்காரர் அப்போது வாய்க்காலில் தண்ணீர் மொள்ளப் போயிருந்தார். நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

"என்னண்ணே சொல்றார்?"

துண்டு வாய்க்குப் போயிற்று. "அதாவது, என்ன சொல்றாருன்னா... மூங்கில் நல்லா இருக்காம். சாய்வுதான் ஒரு பொட்டு கூட இருந்தா நல்லதுங்கிறார்."

ஊ சானிடம் திரும்பி ஏதோ பேசினார். பேசிக்கொண்டே காலால் ஒரு முளையை நெம்பி அரையடி வெளியே தள்ளி மிதித்தார். பிறகு அந்தப் பக்கம் நடந்துபோய் அதையும் அப்படியே. ஊ சான் மறுத்து மறுத்துத் தலையாட்டினார், கடைசியில் கையை உதறிவிட்டு உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தார். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆண்கள் முளைக்குச்சியை இப்படியும் அப்படியும் நகர்த்துவதில் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வந்ததும் அவர் சொன்னார், "பதினொண்ணு நல்லதுதான். ஆனா பத்தும் உங்க புத்தகத்துல நல்ல அளவுதான? ஓலைக்காரரும் பத்துன்னா பிரமாதம்ங்கிறார்."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். பத்து, ஆடு மாடு பெருகும் என்று இருந்தது. எங்களுக்கு ஏது ஆடு மாடு? ஆனாலும் கெட்ட அளவில்லை. என் வீட்டுக்காரர் அரை மனதாகச் சம்மதித்தார். பத்தடிக்குக் கூரை ஏறியது. அன்று சாயங்காலம் நான் அதற்கடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். புது ஓலை வாசனையில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வைகாசிக் கடைசியில் மழை பிடித்தது. முதல் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. ஆனி பிறந்ததும் ரங்கூன் மழை தன் குணத்தைக் காட்டியது, விடாமல் மூன்று நாள், நாலு நாள். கூரையிலிருந்து தண்ணீர் ஓடவில்லை. ஓலையிலேயே நின்று, ஊறி, ஓலையின் அடிப்பக்கமாக ஒவ்வொரு சொட்டாக இறங்கியது. முதலில் ஒரு இடம், பிறகு நாலு இடம், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். சட்டி வைத்தேன், பானை வைத்தேன், சோறு தின்னும் தட்டையும் வைத்தேன். பாயை இழுத்து இழுத்து மூலை மூலையாக மாறிப் படுத்தோம். நிறை வயிற்றோடு ஈரப்பாயை இழுப்பது எப்படி இருக்கும் என்று இழுத்தவளுக்குத்தான் தெரியும்.

அவர் தினமும் வருவார். அண்ணாந்து பார்ப்பார். "புது ஓலை அப்படித்தான் தங்கச்சி. படிஞ்சதும் நின்னுடும்" என்பார். மறுநாள் வரும்போது கையில் ஒரு சாக்கு, அடுத்த நாள் மெழுகுத்துணி, இன்னொரு நாள் ஒரு கட்டுக் கயிறு. சொட்டச் சொட்டக் கூரையேறி அவரே கட்டினார். ஒரு நாள் தன் குடையை விரித்து, நான் படுக்கும் இடத்துக்கு மேலே மூங்கிலில் கட்டிவிட்டு நனைந்துகொண்டே வேலைக்குப் போனார். எவ்வளவு நல்ல மனிதர் என்று என் வீட்டுக்காரர் உருகினார். நானும்தான் உருகினேன். இவ்வளவு செய்கிறவர் ஏன் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டேன் என்கிறார் என்று மட்டும் உள்ளே ஒன்று அரித்தது.

அதற்குள் சந்தைக்குப் போய்ப் போய் நான் பர்மீயத்தில் பத்து வரை எண்ணக் கற்றிருந்தேன். மீன்காரியும் கீரைக்காரியும்தான் வாத்தியார்கள்.

வலி எடுத்தது ஒரு பகல் வேளையில். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில். ஊ சானின் மனைவி டோ ம்யா பிரசவம் பார்ப்பவள் என்பதால் அவளைக் கூப்பிட, வழக்கம்போல் எங்களைப் பார்க்க வந்திருந்த துபாஷி அண்ணன்தான் ஓடினார். மூன்று மணி சுமாருக்குப் பெண் பிறந்தாள். பிறந்த பிள்ளையைத் துடைக்கத் துடைக்க மேலேயிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அழவில்லை, முனகினாள். பாதம் நீலமாக இருந்தது. டோ ம்யா அவளைத் தன் ரவிக்கைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனாள். வெளியே இறவாரத்தில் நின்றுகொண்டிருந்த அவரிடம் படபடவென்று பேசினாள். கூரையைக் காட்டினாள். பிள்ளையைக் காட்டினாள். தன் வீடு இருக்கும் திசையைக் காட்டினாள். கையால் தன் நெஞ்சில் அடித்தாள்.

"அண்ணே! என்ன சொல்றாங்க?"

அவர் உள்ளே பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "அதாவது, என்ன சொல்றாங்கன்னா... பிள்ளையைக் கொஞ்சம் வெதுவெதுப்பா வச்சுக்கணுமாம். ரெண்டு நாள்ல தேறிடுமாம் தங்கச்சி. நீ பயப்படாத."

நான் டோ ம்யாவின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாளில் தேறிவிடும் என்று சொன்ன முகம் இல்லை அது. ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்து, எழுந்திரு, எழுந்திரு என்று கெஞ்சுகிற முகம். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மீன்காரி, முதலாளி, காலால் நகர்ந்த முளைக்குச்சி, எல்லாம். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

எழுந்தேன். டோ ம்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினேன். "தங்கச்சி, பெத்த உடம்பு, தீட்டு வேற, நீ நடக்கக்கூடாது, நான் சொல்றதைக் கேளு" என்று அவர் பின்னாலேயே வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இருநூறு தப்படி. வழி நெடுக என் காலில் வழிந்தது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை.

அவர்கள் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. டோ ம்யா செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி என் பக்கத்தில் வைத்தாள், உடம்பெல்லாம் மஞ்சளை அப்பினாள், பிள்ளையை எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டு மூடினாள். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, வெறும் குடிசையைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்தது இன்னும் காதில் இருக்கிறது. இரண்டாம் நாள் சாயங்காலம் பாதத்தின் நீலம் போயிற்று. மூன்றாம் நாள் காலை அவள் பால் குடித்தாள். பலமாக, வலிக்க வலிக்கக் குடித்தாள்.

அன்றைக்கே அவர் வந்தார், கையில் ஒரு டின் பிஸ்கட்டோடு. மழை சற்று விட்டிருந்தது. நான் உள்ளறைக் கதவோரம் படுத்திருந்தேன், கதவு திறந்திருந்தது. முன்கூடத்தில் உட்கார்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்த ஊ சான் அவரைக் கண்டதும் எழுந்தார். அவ்வளவு சத்தமாக ஒருவர் இன்னொருவரை ஏசி நான் கேட்டதில்லை. அந்த ஏச்சுக்கு நடுவில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. "கோ பே, கோ பே." கோ என்றால் ஒன்பது. அது எனக்குத் தெரியும். பே என்பது அடியாகத்தான் இருக்க வேண்டும். ஊ சான் ஒரு விரலை மடக்கி ஒன்பது விரலையும் காட்டினார்.

"அண்ணே," என்றேன். "என்ன சொல்றார்?"

துண்டை எடுத்தார். "அதாவது..."

"வாயைத் துடைக்காதீங்க. அவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே சொல்லுங்க. ஒரு சொல் குறையக்கூடாது."

அவர் கை அப்படியே நின்றது. பிறகு என்னிடம் மெல்ல, "அன்னிக்குச் சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா தங்கச்சி? அந்த எண்ணை நான் எப்படி உங்ககிட்ட வாயெடுத்துச் சொல்லுவேன்?" என்றார்.

கேட்டிருக்கமாட்டேன். அதைச் சொன்ன ஓலைக்காரரையும் விரட்டியிருப்பேன், சொல்ல வந்த இவரையும் விரட்டியிருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது. விரட்டுவதா வேண்டாமா என்பது நான் முடிவு செய்ய வேண்டிய விஷயம். என்னை யாரும் கேட்கவேயில்லை.

"அதை அப்புறம் பேசுவோம்," என்றேன். "இப்ப அவர் சொன்னதைச் சொல்லுங்க."

அவர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இந்த மூங்கிலுக்கு ஒன்பது அடிதான் சரிவரும்னு நான் அன்னிக்கே சொன்னேன். பத்துக்குப் போட்டா ஆனி மழை உள்ள வரும்னு சொன்னேன். வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீடு, விளையாடாதேன்னு சொன்னேன். கப்பல் கித்தான் வாங்கி மேல போடுவாங்கன்னு இவன் எங்கிட்டச் சொன்னான். கித்தான் எங்க? உங்க வாயை வச்சு எங்கிட்ட ஒண்ணு சொன்னான், என் வாயை வச்சு உங்ககிட்ட ஒண்ணு சொன்னான். கூரை ஒழுகும்னு தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான். அன்னிக்கு என் பொண்டாட்டி, பிள்ளை இந்தக் குடிசையில ராத்திரி தாண்டாதுன்னு சொன்னா. அதையும் இவன் முழுங்கிட்டான். பிள்ளை செத்திருந்தா இவனாலதான் செத்திருக்கும். இப்படி ஒருத்தனை நடுவுல வச்சுக்கிட்டு நீங்க யார்கிட்டயும் பேசாதீங்க."

அவன் இவன் என்றதைக்கூட அவர் மாற்றவில்லை. ஊ சானின் முகத்தில் இருந்தது அத்தனையும் இந்தத் தமிழில் இருந்தது. சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோட்டின் ஒரு கைப்பக்கம் நனைந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த ஆள்மேல் கொலை வெறியாகவும் இருந்தது, ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. மழையில் நனைந்து கூரையேறிச் சாக்குக் கட்டியது கண்முன் நின்றது.

"பதில் சொல்லணுமா தங்கச்சி?" என்று கேட்டார்.

"சொல்லுங்க," என்றேன். "இந்த அண்ணன் கெட்டவர் இல்ல, எங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் செஞ்சார், எங்களுக்கு அவர் கூடப்பிறந்தவர் மாதிரின்னு சொல்லுங்க. அப்புறம், கூரையைப் பிரிச்சு ஒன்பது அடிக்குப் போடச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் ஊ சானின் பக்கம் திரும்பினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நீளமான பேச்சுக்கு அவர் சொன்னது இரண்டே சொல்.

"கோ பே."

ஊ சான் தலையாட்டிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.